உண்டியல் முதல் வங்கிக் கணக்கு வரை: அயல்நாட்டுப் பணத்தைப் பெறுதலும் எழுத்துச் சான்றும்

ஆய்வுச்சுருக்கம்

அயல்நாட்டில் உழைப்போர் தம் குடும்பத்தாருக்கு அனுப்பும் பணம் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் அனுப்புநரையே மையமாகக் கொள்கின்றன. பணத்தைப் பெறுபவர் ‘பயனாளி’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார். எனினும் சட்டப் பொறுப்பு, அடையாள நிறுவல், வரி விளக்கம், செலாவணி இழப்பு ஆகியவற்றில் பெரும்பகுதி பெறுநரையே சேர்கிறது. நகரத்தாரின் உண்டியல் முறை தொடங்கி இன்றைய உடனடிப் பணமாற்றம் வரையிலான வழிகளைப் பெறுநரின் நோக்கிலிருந்து இக்கட்டுரை விளக்குகிறது. இவ்வழிகளைப் பெறுநருக்கு வேறுபடுத்திக் காட்டுவது விரைவோ கட்டணமோ மட்டுமன்று, அவர் கையில் எஞ்சும் எழுத்துச் சான்றே என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: உண்டியல், அயல்நாட்டுப் பணவரவு, பெறுநர், அந்நியச் செலாவணி, உறவுமுறைச் சொற்கள், முதலெழுத்து, எழுத்துச் சான்று.

முன்னுரை

இந்திய ரிசர்வ் வங்கி 2023-24ஆம் ஆண்டிற்காக மேற்கொண்ட கணக்கெடுப்பின்படி, இந்தியாவிற்கு வந்த தனிநபர் பணவரவில் மகாராட்டிரம் 20.5 விழுக்காட்டையும் கேரளம் 19.7 விழுக்காட்டையும் பெற்றன. தமிழ்நாடு 10.4 விழுக்காட்டுடன் மூன்றாம் இடத்தில் நின்றது. 2015இல் நடத்தப்பட்ட தமிழ்நாட்டுப் புலம்பெயர்வுக் கணக்கெடுப்பு, அயல்நாடுகளில் வாழும் தமிழ்நாட்டினரின் எண்ணிக்கையைச் சுமார் 22 இலட்சம் என மதிப்பிட்டது. அவர்கள் மிகுதியாகச் சென்றிருந்த நாடுகளில் சிங்கப்பூரும் ஐக்கிய அரபு அமீரகமும் முன்னிலை வகித்தன.

இவ்வெண்கள் பணம் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது என்பனவற்றைச் சொல்கின்றன. அது ஒரு வீட்டை எவ்வாறு வந்தடைகிறது என்பதைச் சொல்வதில்லை. பணம் பெறுதல் என்பது கை நீட்டி வாங்கும் எளிய செயல் அன்று. பெறுநர் தம்மை இன்னார் என மெய்ப்பிக்க வேண்டும். அனுப்பியவர் தமக்கு என்ன உறவு என்று சொல்ல வேண்டும். பணம் எந்த வழியில் வந்தது என்பதற்குப் பின்னாளில் விடை கூறவும் வேண்டும். இம்மூன்றும் மொழியோடும் எழுத்தோடும் தொடர்புடையவை. ஆதலின் இது பொருளியலுக்கு மட்டும் உரிய பொருள் அன்று; தமிழாய்வும் கருத்தில் கொள்ளத்தக்கது.

1. எழுத்தாக இருந்த உண்டியல்

‘உண்டியல்’ என்னும் சொல் இன்று பலருக்கும் முதலில் நினைவூட்டுவது கோயில் காணிக்கைப் பெட்டியையே. வணிக வழக்கில் அச்சொல்லுக்கு மாற்றுச்சீட்டு என்பது பொருள். ஓரிடத்தில் செலுத்திய பணத்தை மற்றோரிடத்தில் இன்னாருக்குக் கொடுக்குமாறு ஒரு வணிகர் தம் கூட்டாளிக்கு எழுதும் கட்டளையே உண்டியல். வடமொழி ‘ஹுண்டிகா’வோடு தொடர்புடைய இச்சொல், இந்தியப் பெருநிலம் முழுவதும் வழங்கிய ‘ஹுண்டி’யின் தமிழ் வடிவம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பர்மா, இலங்கை, மலாயா, சிங்கப்பூர், சைகோன் ஆகிய இடங்களில் வட்டித் தொழில் செய்த நாட்டுக்கோட்டை நகரத்தார் இம்முறையை விரிவாகக் கையாண்டனர். இரங்கூனில் ஒருவர் பணம் செலுத்தினால், அங்குள்ள கடை, செட்டிநாட்டில் உள்ள தொடர்புடைய கடைக்கு எழுத்து அனுப்பும். பெறுநர் அவ்வெழுத்தைக் காட்டிப் பணம் பெறுவார். கண்டவுடன் கொடுக்க வேண்டிய உண்டியலும், குறித்த நாள் கழித்துக் கொடுக்க வேண்டிய தவணை உண்டியலும் வழக்கில் இருந்தன. கடைகள் தம் உரிமையாளர் பெயர்களின் முதலெழுத்துகளால் அமைந்த ‘விலாச’த்தால் அறியப்பட்டன. கொடுத்ததும் பெற்றதும் பேரேட்டில் ஏறின, ஐந்தொகையில் சரிபார்க்கப்பட்டன. பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவின் 1929-30ஆம் ஆண்டு அறிக்கை நகரத்தாரின் தொழில்முறையை விரிவாகப் பதிவுசெய்துள்ளது.

இங்கு இரு செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, உண்டியல் அக்காலத்தில் சட்டத்திற்குப் புறம்பானது அன்று. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், கீழை மொழிகளில் எழுதப்பட்ட ஆவணங்கள் குறித்த உள்ளூர் வழக்கத்தைத் தன் முதற்பிரிவிலேயே விலக்கிக் காத்தது. தமிழில் எழுதப்பட்ட ஒரு சீட்டு அதன் மொழியினாலேயே மதிப்பிழக்கவில்லை. இரண்டாவது, பணம் பெற்றதற்கான எழுத்து பெறுநர் படிக்கக்கூடிய மொழியில் இருந்தது.

உண்டியலின் உலகமும் நவீன வங்கியின் உலகமும் முற்றிலும் வேறானவை அல்ல. மு.சித.மு.சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கிளை திறந்தது. உண்டியல் சென்ற அதே தடத்தில் வங்கி வரைவோலையும் செல்லத் தொடங்கியது.

2. எழுத்து நீங்கிய உண்டியல்

இன்று இலங்கைத் தமிழரிடையேயும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் ‘உண்டியலில் போடுதல்’ என்றால் வங்கி வழியன்றிப் பணம் அனுப்புதல் என்று பொருள். பிற இடங்களில் இது ஹவாலா எனப்படுகிறது. அயல்நாட்டில் உள்ள முகவரிடம் பணம் கொடுக்கப்படும். அவர் ஊரில் உள்ள தம் கூட்டாளிக்குத் தொலைபேசியில் தெரிவிப்பார். கூட்டாளி பெறுநரின் வீட்டிற்கே பணத்தைக் கொண்டு சேர்ப்பார். அடையாளத்திற்குப் பெரும்பாலும் ஒரு ரூபாய்த் தாளின் வரிசை எண்ணே போதும். பணம் எல்லையைக் கடப்பதில்லை. முகவர்களுக்கிடையே கணக்கு மட்டும் நேர்செய்யப்படுகிறது.

பழைய உண்டியலிலும் பணம் எல்லையைக் கடக்கவில்லை என்பதை நோக்கினால், இரண்டின் பொறியமைப்பும் ஒன்றே என்பது விளங்கும். மாறியது எழுத்து. பழைய உண்டியல் ஓர் ஆவணம். இன்றைய உண்டியல் ஆவணம் இல்லாதிருப்பதையே தன் இயல்பாகக் கொண்டது. ஒரே சொல் ஒரு நூற்றாண்டிற்குள் எழுத்துச் சான்றிலிருந்து எழுத்தின்மைக்கு நகர்ந்திருக்கிறது.

மக்கள் இவ்வழியை அறியாமையால் தேர்வதில்லை. செலாவணி வேறுபாடே முதன்மைக் காரணம் என்பதற்கு இலங்கை தெளிவான சான்று. 2021இல் அங்கு அமெரிக்க டாலரின் அலுவல்முறை மதிப்பு ஏறத்தாழ 200 ரூபாயில் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. வெளியில் அதைவிட மிகுதியாகக் கிடைத்தது. 2020இல் சுமார் 710 கோடி டாலராக இருந்த வங்கிவழிப் பணவரவு, 2021இல் சுமார் 550 கோடியாகவும் 2022இல் சுமார் 380 கோடியாகவும் சரிந்தது. 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்கவிடப்பட்ட பின்னர் இவ்வேறுபாடு குறைந்தது. 2023இல் வரவு மீண்டும் ஏறக்குறைய 600 கோடியை எட்டியது. இந்தியாவில் 1993 முதல் செலாவணி மதிப்பு சந்தையால் அறுதியிடப்படுவதால் இவ்வேறுபாடு அத்துணைப் பெரிதன்று. எனினும் வீட்டு வாயிலுக்கே வரும் வசதி, வங்கியில் கேட்கப்படும் வினாக்களைத் தவிர்த்தல், அறிந்தவர் மீதுள்ள நம்பிக்கை ஆகியன இம்முறையை நிலைநிறுத்துகின்றன.

இந்தியப் பெறுநருக்கு இதிலுள்ள இடர் பரவலாக அறியப்படாதது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், 1999இன் மூன்றாம் பிரிவு, அயல்நாட்டில் வாழ்பவரின் கட்டளைப்படி அளிக்கப்படும் பணத்தை, உரிமம் பெற்றவர் வழியாக அன்றிப் பெறுவதையும் தடைசெய்கிறது. அயல்நாட்டிலிருந்து அதற்கு ஈடான பணம் உண்மையில் உள்வந்திராவிட்டால், உரிமம் பெற்றவர் கையிலிருந்தே வாங்கியிருந்தாலும் அது தவறான வழியில் பெற்றதாகவே கருதப்படும். தண்டம் தொகையின் மும்மடங்கு வரை செல்லலாம். அதாவது, சட்டத்தின் பார்வையில் முகவர் மட்டுமன்றி, திண்ணையில் அமர்ந்து மகன் அனுப்பிய பணத்தை எண்ணி வாங்கிய தாயும் ஒரு தரப்பினரே.

3. சட்டவழிகளும் அவை தரும் சான்றும்

உரிமம் பெற்ற வழிகள் நான்காகப் பகுக்கத்தக்கன.

(அ) பணமாற்றுச் சேவைத் திட்டம்: வங்கிக் கணக்கு இல்லாதவரும் இரகசிய எண்ணையும் அடையாள அட்டையையும் காட்டி முகவரிடம் ரொக்கமாகப் பெறும் முறை இது. வெஸ்டர்ன் யூனியன் போன்ற நிறுவனங்கள் இத்திட்டத்தின்கீழ் இயங்குகின்றன. ஒரு முறைக்கு 2,500 அமெரிக்க டாலர், ஒரு பெறுநருக்கு ஓர் ஆண்டில் 30 முறை என்பன ரிசர்வ் வங்கி வகுத்த வரம்புகள். 50,000 ரூபாய் வரையே ரொக்கம் தரலாம். அதற்கு மேற்பட்டது காசோலையாகவோ வங்கிக் கணக்கிலோ சேரும். குடும்பச் செலவு போன்ற தனிநபர்த் தேவைகளுக்கே இது உரியது. சொத்து வாங்குதல், முதலீடு, அறக்கொடை ஆகியவற்றிற்கு அன்று.

(ஆ) ரூபாய் வரைவு ஏற்பாடு: வளைகுடா நாடுகள், சிங்கப்பூர், மலேசியா முதலிய இடங்களின் பணமாற்று நிறுவனங்கள் இந்திய வங்கியில் வைத்திருக்கும் வோஸ்ட்ரோ கணக்கின் வழியாக நடப்பது. தனிநபர்ப் பணத்திற்கு உச்சவரம்பில்லை; ரொக்கமாகத் தரப்படுவதும் இல்லை. செலாவணி மாற்றம் அயல்நாட்டிலேயே முடிந்து, பெறுநரின் கணக்கில் ரூபாயாகவே சேரும். இந்தியப் பணவரவின் முதன்மை வழி இதுவே.

(இ) ஸ்விஃப்ட் வழி: வங்கியிலிருந்து வங்கிக்கு நேரே அனுப்புதல். 8 அல்லது 11 எழுத்துகள் கொண்ட குறியீடு பெறும் வங்கியைச் சுட்டும். இடையில் உள்ள வங்கிகள் தத்தம் கட்டணத்தைக் கழிக்கக்கூடும். கட்டணத்தை அனுப்புநரே ஏற்பது, இருவரும் பகிர்வது, பெறுநர் ஏற்பது என மூன்று தெரிவுகள் உள்ளன. இதனை அனுப்புநரே தெரிவு செய்கிறார். விளைவு பெறுநரைச் சேர்கிறது. பணம் எதற்கென்பதைச் சுட்டும் நோக்கக் குறியீடும் இதில் இன்றியமையாதது. குடும்பப் பராமரிப்பிற்குப் பி1301, தனிநபர் அன்பளிப்பிற்குப் பி1302 என்பன வழங்குகின்றன.

(ஈ) உடனடி இணைப்பு: சிங்கப்பூரின் பேநவ் முறையும் இந்தியாவின் யுபிஐ முறையும் 2023 பிப்ரவரி 21 அன்று இணைக்கப்பட்டன. தொடக்கத்தில் நாளொன்றுக்கு 60,000 ரூபாய் என்ற வரம்போடு, கைப்பேசி எண்ணைக் கொண்டே பணம் அனுப்ப வழி பிறந்தது. முதற்கட்டத்தில் இணைந்த இந்திய வங்கிகளுள் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அடங்கும்.

இந்நான்கு வழிகளும் தரும் சான்றின் தரம் ஒன்றாக இல்லை. முதல் வழியில் எஞ்சுவது முகவர் தரும் இரசீது. அதைப் பெறுநர் பேணாவிடின் பின்னர்த் தேடியெடுப்பது கடினம். மற்றவற்றில் வங்கிக் கணக்கின் பதிவு நிலைத்திருக்கும். ஆயினும் ரூபாயாக வந்துசேரும் தொகை, பற்றுவரவுப் புத்தகத்தில் பணமாற்று நிறுவனத்தின் பெயரோடு பதிவாகி, அனுப்பிய மகனின் பெயர் தென்படாமல் போவதும் உண்டு. வங்கியிடம் உள்வரவுச் சான்று கேட்டுப் பெற்றுக்கொண்டால் இக்குறை நீங்கும்.

இச்சான்றின் தேவை பிற்காலத்தில்தான் உணரப்படுகிறது. வெளிநாட்டில் உழைத்த தம்பி அனுப்பிய பணத்தில் ஊரிலுள்ள அண்ணன் தம் பெயரில் நிலம் வாங்குவது தமிழகச் சிற்றூர்களில் இயல்பானது. பாகப்பிரிவினையின்போது ‘யார் பணம்’ என்ற வினா எழுந்தால், வங்கிப் பதிவு பேசும்; ரூபாய்த் தாளின் வரிசை எண் பேசாது.

4. பெயரும் முதலெழுத்தும்

பணம் வந்தும் கைக்கு எட்டாத நிலை பெரும்பாலும் பெயரால் நேர்வது. அயல்நாட்டுப் படிவங்கள் ‘இயற்பெயர்’, ‘குடும்பப் பெயர்’ என இரு கட்டங்களைக் கொண்டவை. தமிழ்ப் பெயர்மரபில் குடும்பப் பெயர் இல்லை. தந்தை அல்லது கணவர் பெயரின் முதலெழுத்தே உண்டு. ஒருவர் முதலெழுத்தைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இடுவார். மற்றொருவர் தந்தையின் முழுப்பெயரை எழுதுவார். வேறொருவர் அதே பெயரை இருமுறை எழுதுவார். பெறுநரின் ஆதார் அட்டையில் ஒரு வடிவமும், வங்கிக் கணக்கில் மற்றொரு வடிவமும் இருக்கும். திருமணத்திற்கு முன் தந்தையின் முதலெழுத்தையும் பின் கணவரின் முதலெழுத்தையும் கொண்ட பெண்களுக்கு இச்சிக்கல் இரட்டிப்பாகிறது.

இதனோடு எழுத்துப்பெயர்ப்பும் சேர்கிறது. எழிலரசி, கனிமொழி, தமிழ்ச்செல்வி போன்ற பெயர்களின் ழகரத்தை உரோமன் எழுத்தில் ஒருவர் ஓரெழுத்தாலும் மற்றொருவர் ஈரெழுத்தாலும் குறிப்பர். குறில் நெடில் வேறுபாடும் வல்லின இரட்டிப்பும் இவ்வாறே மாறுபடும். தமிழில் ஐயத்திற்கு இடமின்றி ஒன்றாக உள்ள பெயர், உரோமன் எழுத்தில் பலவாகப் பிரிகிறது. முகவரின் கணினி அவற்றை வேறுவேறு ஆட்களாகக் கொள்கிறது. இதற்கான தீர்வு எளியது. பெறுநர் தாம் காட்டவிருக்கும் அடையாள அட்டையில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, தம் பெயரை அனுப்புநருக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டும். செய்யத்தக்க இச்சிறு செயலைப் பெறுநருக்கு எடுத்துரைக்க வேண்டிய தேவையே, அமைப்பு யாருடைய பெயர்மரபை அடிப்படையாகக் கொண்டது என்பதைப் புலப்படுத்துகிறது.

5. உறவுமுறைச் சொல்லும் வரிச்சட்டமும்

அயல்நாட்டிலிருந்து வரும் பணம் கொடை எனில், அனுப்பியவர் உறவினரா என்பதே வருமானவரிச் சட்டத்தின் முதல் வினா. உறவினரிடமிருந்து பெறும் கொடைக்கு வரியில்லை. பிறரிடமிருந்து ஓர் ஆண்டில் பெற்ற கொடைத்தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால், முழுத்தொகையும் வருமானமாகக் கணக்கிடப்படும். ‘உறவினர்’ யார் என்பதைச் சட்டமே வரையறுக்கிறது: கணவர் அல்லது மனைவி, உடன்பிறந்தோர், கணவர் அல்லது மனைவியின் உடன்பிறந்தோர், பெற்றோரின் உடன்பிறந்தோர், தம் நேர்வழி முன்னோரும் வழித்தோன்றல்களும், கணவர் அல்லது மனைவியின் நேர்வழி முன்னோரும் வழித்தோன்றல்களும், இவர்களின் வாழ்க்கைத் துணைவர்கள்.

இவ்வரையறை தமிழ் உறவுமுறையோடு முழுதும் பொருந்துவதில்லை. தமிழில் பெரியப்பா மகனும் ‘அண்ணன்’. சித்தப்பா மகனும் ‘தம்பி’. சட்டத்தில் அவர்கள் உடன்பிறந்தோர் அல்லர். ‘தம்பி அனுப்பினான்’ என்று பெறுநர் உண்மையாகவே கூறும் கூற்று, சட்டமொழியில் பிழையாகிவிடுகிறது.

இவ்வுறவு இருதிசையிலும் ஒன்றாக இல்லை என்பதும் நோக்கத்தக்கது. தாய்மாமன் தம் சகோதரியின் மகனுக்குப் பணம் அனுப்பினால் வரியில்லை. பெற்றோரின் உடன்பிறந்தவர் என்ற வகையில் அவர் உறவினர். அதே மகன் பின்னாளில் சிங்கப்பூரிலிருந்து தாய்மாமனுக்கு அனுப்பினால், மாமனின் நோக்கில் உடன்பிறந்தாளின் மகன் அப்பட்டியலில் இல்லை.

‘சித்தி’ என்ற சொல் இதனை மேலும் விளக்கும். தாயின் தங்கை, சிற்றப்பனின் மனைவி, தந்தையின் இரண்டாம் மனைவி ஆகிய மூவரையும் தமிழ் இச்சொல்லால் சுட்டும். தந்தையின் இரண்டாம் மனைவிக்கு, கணவரின் வழித்தோன்றல் என்ற வகையில் அனுப்பும் மகன் உறவினன். தாயின் தங்கைக்கோ சிற்றப்பனின் மனைவிக்கோ அவன் உறவினன் அல்லன். தாயை இழந்தவனைத் தன் பிள்ளையாக வளர்த்தவள் தாயின் தங்கையாயினும், அவன் கொடையாக அனுப்பும் பணம் வரம்பைத் தாண்டினால் அவளுடைய வருமானமாகவே எண்ணப்படும். மொத்த வருமானம் வரிக்குரிய அளவை எட்டாதவர்க்கு வரி நேராது. எனினும் கேட்கும்போது விளக்கம் தர வேண்டியவர் அவரே.

அனுப்புநரின் குடியுரிமையும் கருதத்தக்கது. இந்தியக் கடவுச்சீட்டு உடையவர் தம் சேமிப்பிலிருந்து வங்கிவழி அனுப்புவது அயல்நாட்டுப் பங்களிப்பு ஆகாது. அவர் வேற்று நாட்டுக் குடிமகனாகிவிட்டால் அயல்நாட்டுப் பங்களிப்பு (ஒழுங்குமுறை) சட்டம், 2010 பொருந்தும். அத்தகைய உறவினரிடமிருந்து ஒரு நிதியாண்டில் 10 இலட்சம் ரூபாய்க்கு மேல் பெற்றால் மூன்று மாதங்களுக்குள் நடுவணரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 2022 வரை இவ்வரம்பு ஓர் இலட்சமாக இருந்தது.

6. புலப்படாத இழப்பு

பணமாற்றின் செலவு இரு பகுதிகளைக் கொண்டது. கட்டணம் வெளிப்படையானது, செலாவணி மதிப்பில் மறைந்துள்ள வேறுபாடு புலப்படாதது. எடுத்துக்காட்டாக, சந்தையில் ஒரு சிங்கப்பூர் வெள்ளி 64 ரூபாய் எனக் கொள்வோம். ‘கட்டணமே இல்லை’ என விளம்பரம் செய்யும் நிறுவனம் 63 ரூபாய் 20 காசு என்று கணக்கிட்டால், 1,000 வெள்ளிக்கு 800 ரூபாய் குறைகிறது. அனுப்பியவர் 1,000 வெள்ளி கொடுத்தார். பெற்றவர் 63,200 ரூபாய் பெற்றார். இடையில் எதுவும் கழிக்கப்பட்டதாக இருவர் கையிலுள்ள சீட்டிலும் இல்லை.

இச்செலவை 2030ஆம் ஆண்டிற்குள் 3 விழுக்காட்டிற்கும் கீழே கொணர்வது ஐக்கிய நாடுகள் அவையின் நீடித்த வளர்ச்சி இலக்குகளுள் ஒன்று. அமெரிக்கா போன்ற நாடுகளில், பெறுநரின் கையில் சேரும் தொகையை முன்கூட்டியே அனுப்புநருக்குத் தெரிவிக்க வேண்டுமெனச் சட்டம் உள்ளது. அறியும் உரிமை அங்கும் அனுப்புநருக்கே உரியதாக அமைந்துள்ளது.

பெறுநரின் அறியாமையைப் பயன்படுத்தும் ஏமாற்றும் இங்கேயே வேர்கொள்கிறது. அயல்நாட்டிலிருந்து பெருந்தொகை வந்திருப்பதாகவும் அதை விடுவிக்கக் கட்டணம் செலுத்த வேண்டும் எனவும் கூறும் போலி அழைப்புகள் குறித்து ரிசர்வ் வங்கி பன்முறை எச்சரித்துள்ளது. பணம் பெறுவதற்கு யுபிஐ இரகசிய எண்ணை இட வேண்டிய தேவை எந்நிலையிலும் இல்லை. பெறுதலின் படிநிலைகள் தெளிவாக அறியப்படாத இடத்தில் மட்டுமே இத்தகைய அழைப்பு நம்பத்தக்கதாகிறது.

முடிவுரை

நகரத்தாரின் உண்டியலைப் பெற்றவர் தம் மொழியில் எழுதிய சீட்டைக் கையில் கொண்டிருந்தார். இன்றைய உண்டியலைப் பெறுபவர் கையில் சீட்டே இல்லை. வங்கி வழியாகப் பெறுபவரிடம் சான்று உண்டு. ஆனால் நோக்கக் குறியீடு, உள்வரவுச் சான்று, உறவினர் வரையறை ஆகிய யாவும் அவர் படிக்க இயலாத மொழியிலேயே பெரும்பாலும் அமைந்துள்ளன. சட்டவழியின் வலிமை அது தரும் எழுத்துச் சான்றில் உள்ளது என்றால், அச்சான்றைப் பெறுநரால் படிக்க முடியாதபோது அவ்வலிமையின் பாதி வீணாகிறது.

உண்டியலைத் தவிர்க்குமாறு மக்களை எச்சரிப்பது மட்டும் போதுமானதன்று. பெறுநருக்குக் கிடைக்கும் தொகை, கழிக்கப்பட்ட செலவு, அனுப்பியவர் பெயர், பணத்தின் நோக்கம் ஆகியவை தமிழில் அச்சிடப்பட்ட ஒரு சீட்டாக அவர் கையில் சேருமாயின், வங்கிவழி அவருக்கு அயலானதாக இராது. உறவுமுறைச் சொற்களையும் பெயர்மரபையும் நன்கறிந்த தமிழ்த் துறையினர், நிதிசார் படிவங்களின் தமிழாக்கத்தில் பங்கேற்பதற்கான தேவையும் இங்கிருந்தே எழுகிறது. ‘சித்தி’ என்று எழுதும் ஒரு பெண்ணிடம் ‘எந்தச் சித்தி’ என்று கேட்கத் தெரிந்த படிவம் அவளை வரி விளக்கத்தின் இக்கட்டிலிருந்து காக்கும்.